சத்திரங்களைக் காப்போம்!

கோவில் கோபுரம் இடிந்தால் ஊரே பதறுகிறது. பழைய சத்திரம் இடிந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இது சரியா?

இங்கிலாந்தில் நார்ட்டன் செயின்ட் பிலிப் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே ‘ஜார்ஜ்’ என்ற பழைய மதுவிடுதி உண்டு. சுமார் 600 ஆண்டுகளுக்கு முன் துறவி மடத்தார் கட்டியது. கீழ்த்தளம் கல்லால் ஆனது. மேல்தளங்கள் மரச்சட்டங்களால் ஆனவை. தெருப்பக்கம் சற்று நீட்டிக்கொண்டு நிற்கும். சந்தைக் காலத்தில் கம்பளி மூட்டைகளை அங்கே அடுக்கி வைப்பார்கள். நாட்குறிப்பு எழுதிப் புகழ் பெற்ற சாமுவேல் பீப்ஸ் 1668-ல் அங்கே சாப்பிட்டிருக்கிறார். அரசு பாதுகாக்கும் கட்டடப் பட்டியலில் அது முதல் வகுப்பில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் அதை இடிக்கவோ, மாற்றவோ முடியாது.

அவர்களுடைய மது நமக்கு வேண்டாம். ஆனால் பழைய கட்டடத்தைப் பேணும் அந்தப் பண்பு நமக்கு வேண்டும்.

நம்மிடம் அதைவிடச் சிறந்த விடுதிகள் இருந்தன. அங்கே வழிப்போக்கருக்குச் சோறு இலவசம்! தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி, முத்தாம்பாள் நினைவாக ஒரத்தநாட்டில் 1802-ல் ஒரு சத்திரம் எழுப்பினார். ராமேசுவரம் செல்லும் யாத்திரிகர் அங்கே பசி ஆறினர். கட்டடம் தேர் போன்றது. கல் சக்கரங்கள், அதை இழுக்கும் குதிரைகள், யானைகள் எல்லாம் உண்டு. பின்னாளில் மாணவர்களும் அங்கே தங்கிப் படித்தார்கள்.

அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலம், சோழர் காலத்தில் விக்கிரமசோழபுரம் எனப் பெயர் பெற்றிருந்தது. புத்தர் சிலையும் சமணர் சிலைகளும் அங்கே உள்ளன. பல சமயத்தாரும் நடமாடிய ஊர் என்பதற்கு அவையே சாட்சி. சிலைகளைப் போற்றுகிறோம், நல்லது. வந்தவர்களுக்கு நிழல் தந்த சாவடியும், திண்ணையும், சத்திரமும் நம் வரலாறு அல்லவா?

காப்பதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. சுவரில் முளைத்த அரசங்கன்றைச் சிறிதாக இருக்கும்போதே பிடுங்குங்கள். மழைக்கு முன் உடைந்த ஓட்டை மாற்றுங்கள். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே பூசுங்கள். சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரை அரித்துவிடும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, கட்டடத்தைப் பூட்டி வைக்காதீர்கள். படிப்பகம் வையுங்கள். மாலையில் பிள்ளைகள் அமர்ந்து படிக்கட்டும். ஆள் புழங்கும் வீடு எளிதில் பாழாவதில்லை.

முன்னோர்கள் முன்பின் தெரியாதவர்களுக்காகக் கட்டி வைத்தார்கள். நம் பிள்ளைகளுக்காகவாவது நாம் அதைக் காக்க வேண்டாமா?