பலகைக்கு அடியில் கிடப்பவர்கள்

பைத்தியம் பிடிப்பதற்கும் ஒரு தகுதி வேண்டியிருக்கிறது. எட்கர் ஆலன் போவின் திகில் கதைகளைத் திரும்பப் படித்தபோதுதான் இது எனக்கு உறைத்தது.

எம்.ஏ. தமிழில் சிறுகதை வகுப்பைப் போவில்தான் தொடங்கினார்கள். ஹாதார்ன் கதைகளுக்கு 1842இல் மதிப்புரை எழுதிய போ, கதையின் ஒவ்வொரு சொல்லும் ஒரே உணர்ச்சி விளைவை நோக்கிப் போக வேண்டும் என்றார். நாங்களும் அதை எழுதி மார்க் வாங்கினோம். அந்த விளைவு யாருக்காக, யார் செலவில் என்று ஒருத்தரும் கேட்கல. நானும் கேட்கல.

1843இல் வந்த ‘காட்டிக்கொடுக்கும் இதயம்’ கதையை எடுத்துக்கொள்வோம். ஒருவன் ஏழு ராத்திரி ஒரு கிழவரின் அறைக்கதவை ஓசைப்படாமல் திறந்து பார்க்கிறான். எட்டாம் ராத்திரி கொல்கிறான். உடலைத் துண்டுபோட்டுத் தரைப்பலகைக்கு அடியில் மறைக்கிறான். போலீஸ்காரர்கள் மூன்று பேர் வருகிறார்கள். நாற்காலி போடுகிறான். உட்கார்ந்து, அவன் பேச்சை நம்பி அரட்டையடிக்கிறார்கள். தனக்குப் பைத்தியம் இல்லை என்று வாதாட அவனுக்குக் கதை முழுக்க இடம் இருக்கிறது. அவன் யார், என்ன நிறம் என்று கதை சொல்வதில்லை. சொல்லத் தேவையில்லாத இடத்தில் நிற்கிறவன் அவன். செத்த கிழவருக்குப் பேர்கூடக் கிடையாது. கொன்றவனோடு சேர்ந்து நம் நெஞ்சு படபடக்க வேண்டும். இதற்குப் பேர் உன்னதக் கலை!

அதே அமெரிக்காவில் 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற டாக்டர் ஒரு புது மனநோயைக் ‘கண்டுபிடித்தார்’. பேர் ட்ராப்டோமேனியா. அடிமைகள் எஜமானை விட்டுத் தப்பியோடுகிறார்களே, அதுதான் நோயாம். சவுக்கடியை மருந்தாகவும் எழுதிவைத்தார். கொன்றவனின் பைத்தியம் இலக்கியம். விடுதலை தேடி ஓடுகிறவனின் பைத்தியம் முதுகுத்தோலை உரிப்பதற்கான சீட்டு.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சார்லஸ் செஸ்னட்டைப் படிக்க வேண்டும். கறுப்பின எழுத்தாளர். 1888இல் ‘பாவம் சாண்டி’ எழுதினார். எஜமான் சாண்டியைத் தன் பிள்ளைகளுக்கு மாறி மாறி இரவல் கொடுக்கிறான். பிரிவு தாங்காமல், மந்திரம் தெரிந்த மனைவி டெனீ அவனை மரமாக்கி வைக்கிறாள். அவளையும் வேறு வீட்டு வேலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். திரும்பி வந்தால் மரம் வாள்பட்டறையில் கிடக்கிறது. கட்டிப்பிடித்துக் கதறுகிறாள். ‘இவளுக்குப் பித்துப் பிடிச்சிருச்சு’ன்னு தூணில் கட்டிப்போட்டு, அவள் கண்முன்னாலேயே அறுக்கிறார்கள். அந்தப் பலகையில் எஜமானுக்குச் சமையல்கட்டு எழும்புகிறது.

இங்கேயும் பலகைதான். ஆனால் உடல் பலகைக்கு அடியில் இல்லை, பலகையே உடல். உண்மை தெரிந்தவள் டெனீ ஒருத்திதான். அவளைத்தான் பைத்தியம் என்கிறார்கள். போலீஸ் வரவில்லை, யாரும் நாற்காலி போட்டு அவள் பேச்சைக் கேட்கவில்லை. எனக்கு முதுகு சில்லிட்டது இங்கேதான்.

கலையில் அரசியலைத் திணிக்கிறீர்கள் என்று பண்டிதர்கள் கிளம்புவார்கள். ஐயா, போவைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. அவரே 1849இல் ‘ஹாப்-ஃபிராக்’ எழுதினார். சொந்த மண்ணிலிருந்து பிடித்துவரப்பட்ட குள்ள விதூஷகன். குடித்தால் அவனுக்குப் பித்தேறும். தெரிந்தே அரசன் குடிக்கவைத்துச் சிரிக்கிறான். அந்த அரசனையும் ஏழு மந்திரிகளையும் குரங்கு வேஷம் கட்டவைத்து, சங்கிலியில் மாட்டித் தீ வைத்துவிட்டுத் தப்பிப்போகிறான் அவன். இந்தக் கதையை ஏன் எங்கள் வகுப்பில் சொல்லவில்லை? கேட்டால் வலிக்குதில்ல?

திகில் கதையைப் படிக்கும்போது கதவருகே லாந்தரோடு நிற்கிறவன் பக்கம் நிற்காதீர்கள். பலகைக்கு அடியிலிருந்து படியுங்கள்.

சாண்டியின் சமையல்கட்டு ராத்திரியெல்லாம் முனகியது. யாரும் அங்கே வேலைசெய்யவில்லை. பிரித்தெடுத்து, அந்தப் பலகையில் பள்ளிக்கூடம் கட்டினார்கள். அதன் தரையில்தான் ஒருநாள் டெனீ செத்துக் கிடந்தாள். பாடம் நடத்துகிறவர்களே, அந்தச் சுவரின் முனகல் உங்களுக்கு இன்னும் கேட்கலையா?