சத்தம் வராது

ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து பிழைக்கிறவள் நான். ஒலிபரப்பில் மூன்று விநாடி அமைதி விழுந்தாலே வியர்த்துவிடும். ஆனால் போன மாதம் ஓர் அமைதியைக் கவனிக்கத் தவறிவிட்டேன்.

உறவினர் வீட்டுப் பிறந்தநாள். கொண்டோ நீச்சல் குளத்தை ஒட்டி பார்பிக்யூ. பெரியவர்கள் பன்னிரண்டு பேராவது இருந்திருப்போம். அக்கா மகனுக்கு ஐந்து வயது. படியில் வழுக்கி, அவன் உயரத்துக்கு மேலான தண்ணீருக்குள் போய்விட்டான். யார் காதிலும் எதுவும் விழவில்லை. நான் அவனைப் பார்த்தேன். தலை பின்னால் சாய்ந்திருந்தது, வாய் தண்ணீர் மட்டத்தில் இருந்தது, இரண்டு கைகளும் தண்ணீரைக் கீழே அழுத்திக்கொண்டிருந்தன. விளையாடுகிறான் என்றே நினைத்தேன். பக்கத்து மேசை மாமா ஒருவர்தான் கைத்தொலைபேசியோடு அப்படியே குதித்துத் தூக்கினார்.

இருமினான், அழுதான், பிறகு கேக் கேட்டான். எனக்குத்தான் அன்றிரவு தூக்கமில்லை.

மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்தாது. மூச்சு இழுக்கவே வாய்க்கு நேரம் போதாதபோது குரல் எங்கிருந்து வரும்? கையை ஆட்டி அழைக்கவும் முடியாது. அந்த அலறலெல்லாம் சினிமாவில்தான். பல கொண்டோ குளங்களில் உயிர்காப்பாளரும் கிடையாது.

எனக்குத் 'தண்ணீரில் கண்டம்' என்று யாரோ ஜாதகம் பார்த்துச் சொன்னதால், அம்மா என்னை நீச்சல் பக்கமே விட்டதில்லை. ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில்கூட கணுக்கால் வரைதான். அந்தப் பயத்தை நான் மகளுக்கும் கொடுத்துவிட்டேன். தொடக்கநிலை 3 நீச்சல் பாடத்துக்குச் சம்மதம் கேட்டுப் பள்ளி அனுப்பியது, பேரண்ட்ஸ் கேட்வே செயலியில் பதில் இல்லாமல் கிடந்தது. மறுநாள் காலை முதல் வேலையாகச் சம்மதித்தேன்.

2010இல் தொடங்கிய ஸ்விம்சேஃபர் திட்டத்தில் வேகமாக நீந்துவது மட்டும் பாடமில்லை. பாதுகாப்பாக இறங்குவது, மிதப்பது, நின்ற இடத்திலேயே கால் உதைத்துத் தலையை மேலே வைத்திருப்பது எல்லாம் உண்டு. யாராவது விழுந்தால் நாமும் குதிக்காமல் எதையாவது நீட்டச் சொல்கிறார்கள். அன்று நான் குதித்திருந்தால் மாமா இரண்டு பேரைத் தூக்கியிருக்க வேண்டும்.

இப்போது நானும் பெரியவர்கள் வகுப்பில். மல்லாந்து படுத்ததும் தலையைத் தூக்குகிறேன், கால் மூழ்குகிறது. "காது தண்ணிக்குள்ள போகணும்மா" என்று கரையிலிருந்து கத்துகிறாள் மகள். அம்மா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

சென்ற சனிக்கிழமை ஆறு விநாடி மிதந்தேன். நான்குதான் என்கிறாள் மகள்.