ஊருக்கே தெரிந்த பிரச்சினை என்று ஒன்று இல்லை

ராயகிரிப் பக்கம் ஊர்க்கூட்டம் என்று உட்கார்ந்தால், பேச்சு சூடாகும் நேரத்தில் யாராவது ஒருவர் எழுந்து, "இது ஊருக்கே தெரிஞ்ச பிரச்சினைதான வே, இதுல பேச என்ன இருக்கு? மனுவ எழுதுங்க, கொண்டுபோய்க் குடுப்போம்" என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். 'ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்' என்று முடியும் ஒரு மனு தயாராகும். திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் தென்காசி ஆட்சியர் அலுவலகத்தில் வரிசையில் நின்று கொடுத்துவிட்டுத் திரும்புவார்கள். அடுத்த வருடமும் அதே மனு, அதே வரிசை.

அதிகாரிகளின் மெத்தனத்தைக் குறை சொல்ல எவ்வளவோ இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் இந்த 'ஊருக்கே தெரியும்' என்ற நம்பிக்கையைக் கண்டிக்க வேண்டும். ஊருக்குத் தெரிந்திருப்பது கஷ்டம் மட்டும்தான். அது எங்கே தொடங்குகிறது, யார் கையில் இருக்கிறது, எதைச் செய்தால் நீங்கும் என்பது பெரும்பாலும் ஒருவருக்கும் தெளிவாகத் தெரியாது. தெரிந்துவிட்டதாக நினைப்பதால் யாரும் தேடுவதும் இல்லை.

'குளத்துக்குத் தண்ணி வரல' என்ற புகாரையே எடுத்துக்கொள்வோம். ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர் என்று மலையடிவாரம் நெடுக இதைச் சொல்லாத விவசாயி இல்லை. மலையில் மழையே பெய்யாமல் இருந்திருக்கலாம். மழை பெய்தும், வரத்துக்கால் சீமைக்கருவேல முள்ளால் அடைபட்டிருக்கலாம். மேல்குளத்துக்காரர்கள் மறுகால் பாயவிடாமல் கலுங்கை உயர்த்தியிருக்கலாம். ஓடை வயலாக மாறியிருக்கலாம். தண்ணீர் வந்தும், வண்டல் மேவிய குளம் இரண்டு நாளில் நிரம்பி வழிந்துவிட்டு, தை மாதத்தில் வறண்டிருக்கலாம். மடை ஒழுகியிருக்கலாம். இத்தனையும் அந்த ஒரே புகாருக்குள் ஒளிந்துகொண்டிருக்கின்றன.

ஒவ்வொன்றுக்கும் போக வேண்டிய வாசலும் வேறு. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள குளம் என்றால் பொதுவாக நீர்வளத்துறை. ஊராட்சிப் பகுதிகளில் அதற்குக் குறைந்தது என்றால் ஊராட்சி ஒன்றியம். ஆக்கிரமிப்பு என்றால் வட்டாட்சியர் அலுவலகமும் சர்வேயரும். காட்டுக்குள் இருக்கும் ஓடையைத் தொட வனத்துறை சம்மதிக்க வேண்டும். மேல்குளத்துத் தகராறு என்றால் முதலில் போக வேண்டிய இடம் மேல்குளத்து ஊர். 'குளத்தைச் சீரமைக்க வேண்டும்' என்ற மனு இந்த வாசல்களில் எதையும் தட்டுவதில்லை. அதை யாரும் மறுக்கவும் மாட்டார்கள். மறுக்க முடியாத பேச்சு யாரையும் கட்டுப்படுத்தாது.

இப்படி எழுதிப் பார்க்கட்டும்: 'மேல்குளத்து மறுகாலிலிருந்து நம் குளம்வரை உள்ள ஓடையில் முள் அடைத்திருப்பதுதான் காரணம், அதை ஆவணிக்குள் வெட்டி எடுத்தால் ஐப்பசி மழையில் நம் கடைமடைக்குத் தண்ணீர் பாயும்.' உடனே ஒருவர் எழுந்து, "முள்ளு காரணமில்ல, மடைதான் ஒழுகுது" என்று மறுப்பார். மறுக்கட்டும். அதற்காகத்தான் அப்படி எழுத வேண்டும். இருவரும் மண்வெட்டியோடு ஓடைக்கரையில் நடந்து பார்த்தால் யார் சொன்னது சரி என்று தெரிந்துவிடும்.

நாம் ஏன் அப்படி எழுதுவதில்லை? நேரமில்லாததாலும் படிப்பில்லாததாலும் மட்டும் அல்ல. தெளிவாக எழுதினால் ஓடையை உழுது வயலாக்கியவர் யார் என்று சொல்ல வேண்டிவரும். அவர் மாமனாக இருப்பார், சம்பந்தியாக இருப்பார், ஓட்டுக் கேட்டு வருபவராக இருப்பார். பொதுவாக எழுதிவிட்டால் யாருக்கும் மனக்கசப்பு இல்லை. அந்தச் சுமுகத்துக்கான விலையைக் கொடுப்பவர் கடைமடையில் அரை ஏக்கர் வைத்திருப்பவர். கூட்டத்தில் அவர் பெரும்பாலும் கடைசி வரிசையில் இருப்பார், பேசவும் மாட்டார். தண்ணீர் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று பார்த்தவர் அவர்தான். தெளிவாகச் சொல்வது படித்தவர்கள் வேலை என்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். எந்தத் தெருக் குழாயில் எத்தனை குடத்தோடு தண்ணீர் நிற்கிறது என்று குடம் சுமக்கிற பெண்ணைவிடத் துல்லியமாக எந்தப் பொறியாளர் சொல்வார்?

சரியாகச் சொல்வதால் என்ன நடக்கும் என்பதற்குப் புதுக்கோட்டை சாட்சி. 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, பெண்களுக்கு எழுத்தறிவில்லை என்பது ஊருக்கே தெரிந்த பிரச்சினைதான். ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தும் அறிவொளித் தொண்டர்களும் இன்னொன்றைக் கண்டுகொண்டார்கள்: பெண்களுக்கு வெளியே போய்வரும் சுதந்திரம் இல்லை, அதைக் கொடுத்தால் மற்றதும் கூட வரும். அ, ஆவோடு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே பழகினார்கள். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓட்டினார்கள். கேலி பேசியவர்களும் உண்டு. எழுத்தறிவின்மையை ஒழிப்போம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் அந்தச் சைக்கிள்கள் சாலைக்கு வந்திருக்காது.

'தெளிவா எழுதினா மட்டும் நடந்துருமா?' என்று கேட்பவர்களுக்குச் செண்பகவல்லி அணை ஞாபகம் வரும். நியாயமான கேள்விதான். சிவகிரிக்கு மேலே, கேரள எல்லைக்குள் இருக்கும் அந்தத் தடுப்பணை, சிவகிரி ஜமீன் காலத்தில் திருவிதாங்கூரோடு பேசிக் கட்டப்பட்டது. உடைந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. சீரமைப்புச் செலவில் தமிழகம் தன் பங்கைச் செலுத்திய பிறகும் வேலை நடக்கவில்லை. எந்தச் சுவர், யார் கட்ட வேண்டும், கட்டினால் தண்ணீர் எங்கே வரும் என்பதெல்லாம் அந்தக் கோரிக்கையில் தெளிவாக இருக்கிறது. தெளிவாக இருப்பதால்தான் அது எந்த இடத்தில் முடங்கிக் கிடக்கிறது என்று இன்றும் விரல் நீட்டிச் சொல்ல முடிகிறது, தலைமுறை மாறியும் கோரிக்கை சாகவில்லை.

ஆனால் அதே செண்பகவல்லியைக் காட்டி மற்ற எல்லாவற்றையும் மூடிவிடுகிறோம். வரத்துக்காலில் முள் மண்டிக் கிடந்தாலும் "அணை ஒடஞ்சு போச்சே" என்கிறோம். அணைக்காகத் திருவனந்தபுரத்தை நோக்கிக் குரல் கொடுப்போம், விடாமல் கொடுப்போம். ஓடையில் முள் வெட்டுவதற்கும் மடையை அடைப்பதற்கும் இரண்டு மாநிலம் கூடிப் பேச வேண்டியதில்லை. இந்த ஆவணிக்கு முன்னால், கடைமடைக்காரரை முன்வரிசையில் உட்காரவைத்து அவர் பார்த்ததைச் சொல்லச் சொல்லி, அதை அப்படியே மனுவின் முதல் வரியாக எழுத வேண்டும்.