கட்டுவிரியன் கடித்தால் விஷமுறிவு ஊசி மட்டும் ஏன் போதாது?

ராத்திரி தரையில் பாய் போட்டுப் படுத்தவர், விடிகாலையில் வயிற்றுவலி என்கிறார். கொஞ்ச நேரத்தில் இமை சரிகிறது, பேச்சு குழறுகிறது. வீக்கம் இல்லை, கடித்த தடம்கூடப் பல நேரம் தெரியாது. ‘வாயுவா இருக்கும்’ என்று வீட்டில் சோடா வாங்கிக் கொடுப்பார்கள். நேரம் போவது இப்படித்தான்.

நாம் மூச்சு இழுக்க, மூளையின் கட்டளை நரம்பு வழியாகத் தசைக்குப் போக வேண்டும். நரம்பு நுனிக்கும் தசைக்கும் நடுவே சின்ன இடைவெளி உண்டு. நுனிக்குள் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை அடைத்துக்கொண்டு, கொழுப்புச் சவ்வால் ஆன குட்டிக் குமிழிகள் காத்திருக்கும். ஒவ்வொன்றும் சுமார் 50 நானோமீட்டர். குமிழியின் மேலும், நுனிச் சவ்வின் உட்புறத்திலும் எதிர்மின்னேற்றம். அதனால் ஒன்றையொன்று தள்ளும், சும்மா ஒட்டாது.

நரம்பில் மின்துடிப்பு வந்ததும் கால்சியம் வாயில்கள் திறக்கின்றன. வெளியே கால்சியம் உள்ளே இருப்பதைவிட சுமார் 10,000 மடங்கு அதிகம் என்பதால் சடாரென்று பாய்கிறது. ஒவ்வொரு அயனிக்கும் இரண்டு நேர்மின்னேற்றம். சினாப்டோடாக்மின் என்ற புரதம் அதைப் பிடித்துக்கொண்டு சவ்வில் பதிய, குமிழியும் சவ்வும் ஒன்றாகிச் சரக்கு வெளியே கொட்டுகிறது. ஒரு மில்லிவினாடிகூட ஆகாது! இந்தப் புரதத்தின் வேலையைக் காட்டிய தாமஸ் சுடாஃபுக்கு, 2013-இல் வேறு இருவரோடு சேர்த்து நோபல் கிடைத்தது.

கட்டுவிரியன் நஞ்சு கைவைப்பது இந்த நுனியில்தான். சவ்வின் கொழுப்பை அறுக்கிறது. கால்சியம் கட்டுப்பாடில்லாமல் உள்ளே வருகிறது, குமிழிகள் காலியாகின்றன, நுனி சிதைகிறது.

விஷமுறிவு மருந்துக்கான விஷத்தின் பெரும்பகுதியைத் தருவது, 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். ஈசிஆரில் சென்னை போகும்போது நாம் தாண்டிப் போகும் வடநெம்மேலியில்தான் இருக்கிறது. அந்த மருந்து அவசியம், சீக்கிரமும் வேண்டும். ஆனால் அது ரத்தத்தில் சுற்றும் நஞ்சைத்தான் பிடிக்கும். சிதைந்த நுனியை ஒட்டவைக்காது. நாகப்பாம்பு கடிக்குக் கைகொடுக்கும் நியோஸ்டிக்மினும் இங்கே பெரும்பாலும் பலிப்பதில்லை. வெளியே வந்த அசிட்டைல்கோலினைக் காப்பதுதான் அதன் வேலை. இங்கே வெளியே வரவே எதுவும் இல்லையே. நுனி திரும்ப வளர நாட்கள், சிலருக்கு வாரங்கள் ஆகும். அதுவரை வெண்டிலேட்டர்தான் மூச்சு. அதைத் தாண்டியவர்கள் எழுந்து நடக்கிறார்கள்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக மதிப்பீடு. விழுப்புரம், கடலூர் பக்கத்திலிருந்தும் ஜிப்மருக்குத்தான் ஓடி வருகிறோம். ஆனால் மூச்சு ஆம்புலன்ஸிலேயே நின்றுவிடலாம். ‘ஊசி ஸ்டாக் இருக்கா?’ என்பதோடு நம் கேள்வி முடிந்துவிடுவதுதான் தப்பு என்பேன். ‘மூச்சுக்குழாய் போடத் தெரிந்தவர் இருக்காரா, வழியெல்லாம் ஆம்பு பையை அழுத்த ஆள் வருவாரா?’ என்று ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கேட்க வேண்டும். அந்தக் கைப்பை பெரிய விலை இல்லை, பயிற்சிதான் வேண்டும்.

பாகூர் பக்கம் வயலோரத்தில் தரையில் படுப்பவர்கள், இன்று ராத்திரியே கொசுவலையைக் கட்டி, ஓரங்களைப் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள்.