கவசம் இழந்த ஜாடியும் கணக்குக் கேட்ட ஊரும்

உத்திரமேரூர் குழம்பேசுவரர் கோயிலில் 2020 டிசம்பரில் திருப்பணி நடந்தது. கருவறைப் படிக்கல்லைப் பெயர்த்தார்கள். அடியில் பொன்! எடை அரைக் கிலோவுக்கு மேல்!

ஊர் கூடிவிட்டது. முன்னோர் வைத்த பொன், வேலை முடிந்ததும் அதே இடத்தில் வைக்க வேண்டும் என்றனர் ஊரார். அதிகாரிகள் இணங்கவில்லை. போலீஸ் பாதுகாப்புடன் பொன் கஜானாவுக்குப் போயிற்று. 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேற்பட்டதானால் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

பொன் யாருக்கு என்பதைச் சட்டம் சொல்லும். ஆனால், இருந்த இடத்தை விட்டுப் பிரிந்த பொருளின் கதையை யார் சொல்வது? இதற்கு ஐரோப்பாவில் ஒரு பாடம் உண்டு.

பீங்கானுக்குப் பொன் கவசம்

நம் ஊரில் கல் விக்கிரகத்துக்கு வெள்ளிக் கவசம் சாத்துகிறோம். பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸ் வியாபாரிகள் சீன, ஜப்பானியப் பீங்கானுக்கு இதையே செய்தார்கள். ஜாடிக்கு வெண்கலத்தில் விளிம்பும், கைப்பிடியும், பாதமும் வார்த்தார்கள். பொன்னைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி, நெருப்பில் காட்டினார்கள். பாதரசம் ஆவியாகிப் போகும், பொன் ஒட்டிக்கொள்ளும். அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளிகள் உடல் கெட்டு நலிந்தார்கள். ஜாடியோ சீமாட்டிகளின் மாளிகைக்குப் போயிற்று! லசார் துவோ என்ற வியாபாரியின் 1748 முதல் 1758 வரையிலான கணக்குப் புத்தகம் இன்றும் இருக்கிறது. மன்னன் பதினைந்தாம் லூயியின் காதலி பொம்பதூர் சீமாட்டி அவரது பெரிய வாடிக்கைக்காரி.

காப்பாற்றிய படம்

இந்த வழக்கம் அதற்கும் மிகப் பழையது. 1300-ஐ ஒட்டிச் சீனாவில் செய்த ஒரு வெண்ணீல ஜாடி ஐரோப்பா போய்ச் சேர்ந்தது. ஹங்கேரி மன்னர் லூயி 1381-இல் அதற்குப் பொன் முலாமிட்ட வெள்ளிக் கவசம் பூட்டிப் பரிசளித்தார் என்று கருதப்படுகிறது. பல கை மாறிய பின், பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாரோ கவசத்தைக் கழற்றிவிட்டார்கள். அது போயே போய்விட்டது. ஜாடி மட்டும் இன்று டப்ளின் மியூசியத்தில் நிற்கிறது.

பிறகு அதன் கதை எப்படித் தெரிந்தது? 1713-இல் ஒருவர் கவசத்தோடு சேர்த்து அதைப் படமாக எழுதி வைத்திருந்தார். அந்த ஒரு தாள் இல்லாவிட்டால், அது பெயரில்லாத பீங்கானாகவே போயிருக்கும்.

பதிவேடு எங்கே?

கஜானாவில் எடை மட்டும் எழுதினால் அது வெறும் பொன். எந்தக் கல்லுக்கு அடியில், என்ன உருவில், எப்படி வைக்கப்பட்டிருந்தது என்று படத்தோடு எழுதி, ஊரார் பார்க்கும்படி வைத்தால்தான் அது உத்திரமேரூர்ப் பொன்.

இதைக் கேட்க அந்த ஊருக்கு உரிமை உண்டு. 919-லும் 921-லும் பராந்தக சோழன் காலத்தில் குடவோலை விதிகளைக் கல்லில் வெட்டி வைத்த ஊர் அது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரையும், அவன் உறவினர் பெயரையும் குடத்தில் இடக்கூடாது என்பது அதில் ஒரு விதி. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கணக்குக் கேட்ட ஊர், இன்று கேட்பதில் தவறென்ன?