பி.சி.எம் மாத்தணும்னு 23,300 ரூபாய் எஸ்டிமேட் வந்தா, முதல்ல எதுக்குக் காசு கொடுப்பீங்க?

போன அக்டோபர்ல ஒரு ராத்திரி, செகண்ட் ஷிப்ட் முடிஞ்சு திண்டிவனத்துலேருந்து விழுப்புரம் திரும்பிட்டிருந்தேன். கூட்டேரிப்பட்டு தாண்டி கொஞ்ச தூரம். மழை தூறிட்டு இருக்கு. திடீர்னு முன்னாடி ரோடு காணாமப் போச்சு. ரெண்டு ஹெட்லைட்டும் ஒரே நேரத்துல ஆஃப். மனசுக்குள்ள ரெண்டு எண்ணுறதுக்குள்ள திரும்ப வந்துடுச்சு. பின்னாடி ஒரு டேங்கர் லாரி, பக்கத்துல மீடியன். அந்த ரெண்டு செகண்ட் எவ்வளவு நீளம்னு ஜி.எஸ்.டி ரோட்டுல ராத்திரி ஓட்டுறவங்களுக்குப் புரியும்.

விக்கிரவாண்டி டோல் வர்றதுக்குள்ள இன்னும் ரெண்டு தடவை அதே மாதிரி. வீட்டுக்கு வந்து நிறுத்திட்டு ஸ்விட்சைப் போட்டுப் பார்த்தா, ஒண்ணுமே நடக்காத மாதிரி பளிச்னு எரியுது. விட்டு விட்டு வர்ற கோளாறுல பெரிய தலைவலியே இதுதான். மெக்கானிக் முன்னாடி கொண்டு போய் நிறுத்தினா வராது.

கார் ஒரு சின்ன ஹேட்ச்பேக். 2025 மார்ச்ல 3 லட்சத்து 40 ஆயிரத்துக்கு வாங்கின செகண்ட் ஹேண்ட். அடுத்த சனிக்கிழமை கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு எடுத்துட்டுப் போனேன். ஸ்கேனர் போட்டாங்க, அரை மணி நேரத்துல அட்வைசர் ஒரு பேப்பரை நீட்டினார். "சார், பி.சி.எம் போயிடுச்சு. காம்பினேஷன் ஸ்விட்சும் சேர்த்து மாத்திடலாம், சேஃப்." மாட்யூல் 16,400, ஸ்விட்ச் 4,200, லேபரும் கோடிங்கும் 2,700. மொத்தம் 23,300, வரி உட்பட. (2025 செப்டம்பர் 22-லிருந்து வண்டி பார்ட்ஸுக்கு ஜி.எஸ்.டி 18 சதவீதம். அதுக்கு முன்னாடி பெரும்பாலான பார்ட்ஸுக்கு 28. பழைய ரேட்டுல யாராவது எஸ்டிமேட் கொடுத்தா கேள்வி கேளுங்க.)

பி.சி.எம்-னா பாடி கன்ட்ரோல் மாட்யூல். பழைய வண்டியில ஹெட்லைட் ஸ்விட்சுலேருந்தே கரன்ட் ரிலேவுக்குப் போகும். இப்போ நீங்க ஸ்விட்சைத் திருப்பினா அது வெறும் ஒரு கோரிக்கைதான். டாஷ்போர்டுக்குக் கீழ இருக்கிற பெட்டி அதைப் படிச்சு, லைட்டைப் போடலாம்னு முடிவு பண்ணும். இண்டிகேட்டர், வைப்பர், கதவு லாக், உள் விளக்கு எல்லாமே பெரும்பாலும் அதே பெட்டி வழியாத்தான். அதனால லைட் மினுக்கினா எல்லாரும் முதல்ல அந்தப் பெட்டியைத்தான் சந்தேகப்படுறாங்க. சந்தேகப்படுறதுல தப்பே இல்லை. நான் கேட்டது ஒண்ணுதான்: "அதுக்கு உள்ள வர்ற பவரும் எர்த்தும் சரியா இருக்கான்னு மீட்டர் வச்சுப் பார்த்தீங்களா?" "ஸ்கேனர்ல வந்துடுச்சு சார்"னு பதில்.

ஸ்கேனர் ஒரு கோடு சொல்லும். அந்த சர்க்யூட்ல வோல்டேஜ் சரியில்லைன்னு சொல்லும். ஏன் சரியில்லைன்னு சொல்லாது. ஜுரம் 102-ன்னு தெர்மாமீட்டர் காட்டுறதை வச்சே டைபாய்டுன்னு எழுதிட முடியுமா?

இதுக்கு உலகத்துலேயே ரொம்பத் தெளிவான உதாரணம் ஜெனரல் மோட்டார்ஸ்தான். இந்தியாவுல 2017 கடைசியில விற்பனையை நிறுத்திட்டுப் போன அதே செவர்லே கம்பெனி. 2014 மே மாசம் அமெரிக்காவுல 24 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்பக் கூப்பிட்டாங்க. செவர்லே மாலிபு, பான்டியாக் ஜி6, சாட்டர்ன் ஆரா. பிரேக்கை அழுத்தினா பின் விளக்கு எரியாது, அழுத்தாதப்போ எரியும். காரணம் பி.சி.எம் கனெக்டர்ல பிடிச்ச அரிப்பு. தீர்வு என்ன தெரியுமா? மாட்யூலை மாத்தலை. கனெக்டர் அசையாம இருக்க ஒரு சின்ன ஸ்பேசர் வச்சு, உள்ள ஒரு கிரீஸ் தடவி அனுப்பிட்டாங்க.

அதே கம்பெனி, அதே வருஷக் கடைசி. 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள்ல லோ பீம் ஹெட்லைட் விட்டு விட்டு அணைஞ்சு போற கோளாறு. பியூக் லாக்ராஸ், செவர்லே டிரெயில்பிளேசர் மாதிரி வண்டிகள். அங்க குற்றவாளி ஹெட்லேம்ப் டிரைவர் மாட்யூல்ங்கிற ஒரு பெட்டி. அதை மாத்தித்தான் ஆகணும், மாத்தினாங்க.

வெளியிலேருந்து பார்த்தா ரெண்டுமே "லைட் விட்டு விட்டு எரியுது"தான். ஒண்ணுக்கு மருந்து கிரீஸ், இன்னொண்ணுக்கு புது மாட்யூல். அதனால "மாட்யூல்னாலே ஏமாத்து வேலை"ன்னு சொல்ற கூட்டத்தோடயும் எனக்கு ஒத்துப்போகாது, "சென்டர்ல சொன்னா சரியாத்தான் இருக்கும்"னு கார்டைத் தேய்க்கிற கூட்டத்தோடயும் ஒத்துப்போகாது. என் கருத்து, பார்ட்ஸுக்குக் காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி சோதனைக்குக் காசு கொடுங்க. நம்ம ஆளுங்க 16,000 ரூபாய் பார்ட்ஸுக்குப் பேரம் பேசாம கொடுப்பாங்க, "செக் பண்ண 500 ரூபாய்"னா மட்டும் "செக் பண்றதுக்கே காசா?"ன்னு சண்டைக்குப் போவாங்க.

நான் திண்டிவனத்துல ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடைக்குப் போனேன். அண்ணன் முதல்ல கேட்டது, "தம்பி, ரெண்டு லைட்டும் சேர்ந்து போகுதா, ஒண்ணு மட்டுமா?" ஒரு பக்கம் மட்டும்னா பல்ப், ஹோல்டர், அந்தப் பக்க ஒயர்னு தேடலாம். ரெண்டும் சேர்ந்து போச்சுன்னா ரெண்டுக்கும் பொதுவான இடம், அதாவது எர்த், மெயின் ஃபீடு, ரிலே, மாட்யூல். அடுத்த கேள்வி: "வண்டி மழைத் தண்ணியில நின்னுச்சா?"

அப்போதான் எனக்கு உறைச்சது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்துச்சே, மயிலத்துல ஒரே நாள்ல சுமார் 50 செ.மீ மழை. திண்டிவனம், விழுப்புரம் பக்கம் எத்தனை வண்டி தண்ணியில நின்னுச்சு! நான் வாங்கினது அதுக்கு அடுத்த மார்ச்ல. அண்ணன் டிரைவர் காலுக்குக் கீழ இருக்கிற கார்ப்பெட்டைத் தூக்கிக் காட்டினார். அடியில காய்ஞ்ச வண்டல், சீட் ரயில் போல்ட்ல துரு. வாங்குறப்போ நான் பார்த்தது பெயின்டையும் டயரையும் மட்டும்தான். அந்தக் கார்ப்பெட்டைத் தூக்க ஒரு நிமிஷம் கூட ஆகாது.

ஹெட்லைட்டை எரியவிட்டு, மீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொண்ணை பாடி எர்த் போல்ட்லயும் வச்சார். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டணும். 1.8 வோல்ட் காட்டுச்சு. கழட்டினா லக்ல பச்சைக் களிம்பு. ரெண்டு 55 வாட் பல்ப் எரியறப்போ கிட்டத்தட்ட 9 ஆம்பியர் போகும், அந்தக் களிம்பு வழியா அது எப்படிப் போகும்? தேய்ச்சு, புது லக் போட்டு, கிரீஸ் தடவினார். 750 ரூபாய். நான் உடனே நண்பர்களுக்கு எல்லாம் "22,000 மிச்சம்"னு மெசேஜ் போட்டேன்.

ஏழு வாரம்தான். டிசம்பர்ல திரும்ப ஆரம்பிச்சுது. இந்தத் தடவை கூடவே வைப்பர் தானா ஒரு சுத்து சுத்துச்சு. திரும்ப அண்ணன்கிட்டயே போனேன். எர்த் இப்போ சுத்தம். மாட்யூலுக்கு உள்ள வர்ற பவர் 13 வோல்ட்டுக்கு மேல, சரி. ஸ்விட்சுலேருந்து சிக்னல் ஒழுங்கா வருது. ஆனா வண்டி சூடான பிறகு, மாட்யூல்லேருந்து ரிலேவுக்குப் போற சிக்னல் விட்டுப் போகுது. பெட்டியைக் கழட்டிப் பார்த்தா போர்டு ஓரத்துல தண்ணி நின்ன கோடு. "தம்பி, இது மாத்தணும். நான் பொய் சொல்ல முடியாது." அந்த சோதனைக்கு 500.

புதுப்பேட்டையில பழைய மாட்யூல் 4,000-க்குக் கிடைக்கும்னு ஒரு நண்பன் சொன்னான். பல மாடல்கள்ல சாவி, இம்மொபிலைசர் விவரம் எல்லாம் இந்தப் பெட்டிக்குள்ள இருக்கும். வேற வண்டிப் பெட்டியை மாட்டினா வண்டி ஸ்டார்ட்டே ஆகாம நிக்கலாம். தண்ணியில நின்னதுக்கு பதிலா தண்ணியில நின்ன இன்னொண்ணு வாங்குற வாய்ப்பும் இருக்கு. கம்பெனி சென்டர்லயே புது மாட்யூல் போட்டேன். ரெண்டு சாவியையும் எடுத்துட்டுப் போங்க, கோடிங்குக்குக் கேட்பாங்க. பழைய மாட்யூலைக் கையில வாங்கிக்கிட்டேன், பார்ட்ஸ் வாரண்டியை பில்லுல எழுதி வாங்கினேன்.

கணக்கு: மாட்யூல் 16,400, லேபர் கோடிங் 1,900, அண்ணனுக்கு ரெண்டு தடவையும் சேர்த்து 1,250. மொத்தம் 19,550. முதல் எஸ்டிமேட்டை விட 3,750 கம்மி, அதுவும் தேவையில்லாத ஸ்விட்சை வாங்காததால. "இதுக்கா இவ்வளவு அலைச்சல்?"னு என் அலுவலக நண்பன் சிரிச்சான். அக்டோபர்லயே மாட்யூலை மாத்தியிருந்தா எர்த் கோளாறு அப்படியே இருந்திருக்கும். 23,300 கட்டின பிறகும் லைட் மினுக்கியிருக்கும். எலக்ட்ரானிக் பார்ட்ஸை மாட்டிக் கழட்டினா பொதுவா திரும்ப எடுத்துக்க மாட்டாங்க.

இன்ஷூரன்ஸ் கேட்டீங்களான்னு கேட்பீங்க. காம்ப்ரஹென்சிவ் பாலிசியில வெள்ளம், புயல் சேதத்துக்குக் கவர் உண்டு. ஆனா அது அந்த வெள்ளத்தப்போ அந்த ஓனர் கிளெய்ம் பண்ண வேண்டியது. தானா பழுதாகிற மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் பிரேக்டவுன் எல்லாம் ஸ்டாண்டர்டு பாலிசியில நேரடியாவே விலக்கு. எக்ஸ்டெண்டட் வாரண்டி இருந்தா அங்க வாய்ப்பு இருக்கு, ஆனா வெளிய எக்ஸ்ட்ரா லைட்டுக்கு ஒயரை வெட்டி ஜாயின்ட் போட்டிருந்தா அதைக் காட்டியே மறுக்கலாம். காசு கட்டுறதுக்கு முன்னாடி ரீகால் இருக்கான்னு கம்பெனி வெப்சைட்ல சேசிஸ் நம்பர் போட்டுப் பாருங்க, இருந்தா இலவசம். 2021 ஏப்ரல் 1-லிருந்து, 7 வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு ரீகாலைக் கட்டாயப்படுத்தவே அரசுக்கு அதிகாரம் இருக்கு. பில்லுல தகராறுன்னா 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்.

ஒரு தப்பை நான் ஒத்துக்கணும். அந்த ஏழு வாரத்துக்கு முன்னாடி, சனிக்கிழமை வர்ற வரைக்கும் மூணு நாள் அதே காரை ராத்திரியில ஓட்டினேன். திண்டிவனம்–விழுப்புரம் பஸ் ராத்திரியும் இருக்கு. கஞ்சத்தனம் இல்லை, சோம்பேறித்தனம்.

மாட்யூலுக்கான காசு கார்டுல போகலை. கார் வாங்கின மாசத்துலேருந்து தனி ஆர்.டி-யில மாசம் 2,000 போட்டுட்டு வர்றேன், பேரு "வண்டி". டிசம்பர்ல அதுல 20,000 இருந்துச்சு. உடைச்சேன். கார்டுல ரிவால்வ் பண்ணியிருந்தா மாசத்துக்கு 3.5 சதவீதம் மாதிரி வட்டி ஓடியிருக்கும். ஜனவரியில அதே பேர்ல திரும்ப ஒண்ணு ஆரம்பிச்சாச்சு, இந்தத் தடவை 2,500. அடுத்து கிளட்ச் சத்தம் போடுது.