செத்த கோழியை ஏரிக்கரையில் வீசுவதா? குத்தம்பாக்கத்தில் இருந்து ஒரு கணக்கு

பூந்தமல்லி,

குத்தம்பாக்கத்தை நடுவில் வைத்து 10 கிலோ மீட்டருக்கு ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். திருமழிசை உள்ளே வரும். பூந்தமல்லி வரும். செம்பரம்பாக்கம் ஏரியும் வரும்.

பறவைக் காய்ச்சல் வந்துவிட்டால் சர்க்கார் போடுகிற வட்டம் இது. மத்திய அரசின் 2021-ம் ஆண்டு திட்டப்படி, நோய் உறுதியான இடத்தைச் சுற்றி 1 கிலோ மீட்டருக்குள் இருக்கும் கோழி, வாத்து அத்தனையையும் கொன்று புதைக்க வேண்டும். 10 கிலோ மீட்டர் வரை கண்காணிப்பு. நோய் கண்ட கோழி, காணாத கோழி என்ற பேதம் கிடையாது. முட்டையிடும் பெட்டையும் போகும். நேற்றுப் பொரித்த குஞ்சும் போகும்.

பதற வேண்டாம். குத்தம்பாக்கத்தில் நோய் வந்துவிட்டதாக இங்கே யாரும் சொல்லவில்லை. வருவதற்கு வழி இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது.

கொக்கும் கோழியும் ஒரே தண்ணீரில்

பெங்களூர் நெடுஞ்சாலையோரம் பெரிய பஸ் நிலையம் கட்டப்பட்ட பிறகும், குத்தம்பாக்கம் இன்னும் கிராமம் தான். கொல்லையில் நாலு கோழி மேயும். பஞ்சாரத்தில் குஞ்சு கத்தும். பக்கத்திலேயே ஏரி. குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் வருகின்றன. கொக்கு, மடையான், நீர்க்காகம் எப்போதும் உண்டு. அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்ப்பவர்களும் வந்து இறங்குவார்கள்.

வாத்து விஷயம் கொஞ்சம் மோசம். கிருமியைச் சுமந்து கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி நடமாட வாத்தால் முடியும். அதன் எச்சம் தண்ணீரில் கலக்கும். அதே தண்ணீரைக் கோழி குடிக்கும். கோழி இரண்டு நாளில் சுருண்டு விழும். செத்த கோழியைக் காக்கா கொத்தும். பிறகு காக்கா எங்கே பறக்கிறதோ, அங்கே எல்லாம் நோயும் பறக்கும்.

பழி யார் மேல்?

நோய் என்றவுடன் வலசை வந்த பறவை மேல் பழி போடுவது நமக்கு வழக்கமாகி விட்டது. சரித்திரம் வேறு மாதிரி இருக்கிறது. இந்த எச்5 என்1 கிருமி வம்சம் முதலில் பிடிபட்டது 1996-ல், சீனாவின் குவாங்டாங் மாநிலத்தில், மனிதன் வளர்த்த பண்ணை வாத்தில். மறு ஆண்டு ஹாங்காங்கில் 18 பேருக்குத் தொற்றி 6 பேர் இறந்தார்கள். 2005-ல் தான் சிங்காய் ஏரியில் வரித்தலை வாத்துகள் ஆயிரக்கணக்கில் செத்தன. பண்ணை கொடுத்த சீக்கு பறவைக்குப் போய், பறவை அதை ஊர் ஊராகத் திருப்பிக் கொடுத்தது. அதே வரித்தலை வாத்துகள் 2021 ஜனவரியில் இமாசலப் பிரதேசத்தின் பாங் அணையில் கும்பல் கும்பலாக மடிந்தன. ஆக, இது ஒரு வழிப் பாதை கிடையாது. போக வர இரண்டு பக்கமும் திறந்த கதவு.

"வெள்ளைக் கழிச்சலாத் தான் இருக்கும்"

நம் ஊரில் உண்மையான ஆபத்து எங்கே என்றால், இந்த ஒரு வாக்கியத்தில். கோழி செத்தால் எல்லோரும் சொல்வது இது தான். வெள்ளைக் கழிச்சல் என்கிற ராணிக்கெட் நோய் வருஷா வருஷம் வந்து கொல்லையைக் காலி செய்கிறது. "சீக்கு வந்துச்சு, போச்சு" என்று பேச்சு முடிந்து விடும். ஆனால் பறவைக் காய்ச்சலும் பார்வைக்கு ஏறக்குறைய அப்படியே. திடீர் சாவு, கழிச்சல், மூச்சுத் திணறல். கொண்டை நீலம் பாயும், முகம் வீங்கும். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிப்பது டாக்டருக்கே கஷ்டம். மாதிரி எடுத்து போபாலில் உள்ள தேசிய ஆய்வுக் கூடத்துக்கு அனுப்பினால் தான் முடிவு தெரியும்.

இந்தியாவில் பறவைக் காய்ச்சல் முதன் முதலில் உறுதியானது 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிர மாநிலம் நவாபூரில். அங்கேயும் முதலில் ராணிக்கெட் என்று தான் பேச்சு. 2008-ல் மேற்கு வங்காளத்தில் வீட்டுக் கோழிகளில் பரவி 13 மாவட்டங்களைப் பிடித்தது. சுமார் 40 லட்சம் பறவைகள் கொல்லப்பட்டன. 2024 பிப்ரவரியில் நமக்கு வடக்கே நெல்லூர் வரை வந்தது. தமிழக எல்லையில் வண்டிகளை நிறுத்திச் சோதித்தார்கள். வண்டியை நிறுத்தலாம், சரி. கொக்கை எந்த செக்போஸ்டில் நிறுத்துவது?

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பறவைக் காய்ச்சலுக்கு இங்கே கோழிக்குத் தடுப்பூசி போடுவதில்லை. ராணிக்கெட்டுக்கு உண்டு. கால்நடைத் துறை பெரும்பாலும் பிப்ரவரியில் இரு வார முகாம் நடத்தி இலவசமாகவே போடுகிறது. கொல்லைக் கோழிக்குத் தீனியோடு கொடுக்க மாதவரம் கால்நடைப் பல்கலைக்கழகம் குருணை மருந்தே தயாரித்திருக்கிறது. ஊரில் எல்லாக் கோழிக்கும் இது போட்டிருந்தால், அதன் பிறகு நாலு கோழி சேர்ந்தாற்போல் செத்தாலே சந்தேகம் வந்துவிடும். "கழிச்சலாத் தான் இருக்கும்" என்று யாரும் தட்டிக் கழிக்க முடியாது. ராணிக்கெட் ஊசி பறவைக் காய்ச்சலைத் தடுக்காது. ஆனால் காட்டிக் கொடுக்கும்.

காசு கணக்கு

மக்கள் ஏன் சொல்வதில்லை? கல்வி அறிவு இல்லை என்று அதிகாரிகள் சொல்வார்கள். கணக்கு நன்றாகத் தெரிந்ததால் தான் சொல்வதில்லை என்று நமக்குத் தோன்றுகிறது. சர்க்கார் கொல்லுகிற கோழிக்குத் தான் நஷ்ட ஈடு. தானாகச் செத்த கோழிக்கு சல்லிக் காசு கிடையாது. ஆறு கோழியில் நாலு செத்து, பிறகு ஆபீசில் போய்ச் சொன்னால் இரண்டுக்குத் தான் பணம். அதுவும் எப்போது கைக்கு வருமோ? பக்கத்து வீட்டுக் கோழியும் போகும். அந்த வீட்டு அம்மாவின் ஏச்சு வேறு. பேசாமல் மீதியைக் கறிக்கடையில் தள்ளிவிட்டு, செத்ததைக் குப்பையிலோ ஏரிக்கரையிலோ வீசுவது தானே லாபம்? வீசிய அந்தக் கோழி தான் மறுபடி காக்காவுக்கும் நாரைக்கும் நோய் கொடுக்கிறது.

சொன்ன வீட்டில் செத்த கோழிக்கும் ஒரு தொகை கொடுத்தால் என்ன? மத்திய அரசு பாதி, மாநில அரசு பாதி என்று நஷ்ட ஈட்டைப் பங்கு போடும் ஏற்பாடு இருக்கவே இருக்கிறது. நாலு கோழி விலையைப் பார்த்து நாற்பது லட்சத்தை இழப்பது என்ன சிக்கனமோ தெரியவில்லை.

மனிதருக்கு இது அபூர்வமாகத் தான் வரும். வந்தால் தப்புவது சிரமம். 2021 ஜூலையில் டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் 11 வயது சிறுவன் இறந்தான். 2025 மார்ச்சில் ஆந்திராவின் பல்நாடு மாவட்டத்தில் 2 வயதுப் பெண் குழந்தை. வேகாத கோழிக்கறித் துண்டைத் தின்றதாகச் சொன்னார்கள்.

நன்றாக வெந்த கறியும் முட்டையும் சாப்பிடப் பயம் வேண்டாம். செத்த கோழியையும் காக்காவையும் வெறுங்கையால் தொடக் கூடாது. பிள்ளைகளைக் கிட்டே விடக் கூடாது. தீனியையும் தண்ணீரையும் கூரைக்கு அடியில் வையுங்கள். மேலே உட்காரும் பறவையின் எச்சம் விழாது. ஒரே நாளில் இரண்டு மூன்று செத்தால், புதைப்பதற்கு முன் கால்நடை ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். மாதிரி எடுக்க அவர்களுக்கு அந்தக் கோழி வேண்டும்.